பெய்வதையெல்லாம் பிடிக்க வேண்டாம்

வாசகி கேள்வி:

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. 800 சதுர அடி காங்கிரீட் வீடு. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கூட்டுக் குடிநீர் வந்தால் உண்டு, வராத நாள்தான் அதிகம். தினமும் 35 ரூபாய் கொடுத்து ஒரு கேன் வாங்குகிறோம். மழைநீரைச் சேர்த்து வைத்துக் குடிக்கலாம் என்று நினைத்துக் கொத்தனாரிடம் கேட்டேன். "செய்வதைப் பெரிதாகச் செய்துவிடுங்கள்" என்று, வண்டி நிறுத்தும் இடத்துக்கு அடியில் 20,000 லிட்டர் தொட்டி கட்டச் சொல்கிறார். வடிகட்டி விற்பவர் ஒருவர், தன் கருவி இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, மழைத்தண்ணீரில் சத்து கிடையாது, மூட்டுவலி வரும் என்கிறார். அந்தக் காலத்தில் அண்டாவில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தவர்தான் என் மாமியார். அவரே "நாலு நாள் வைத்தால் புழு வைத்துவிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் நாலு பேரில் உங்கள் மாமியார் சொல்வதுதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கொத்தனார் சொன்ன 20,000 லிட்டரைப் பார்த்துவிடுவோம். பணம் அதிகம் போகப்போவது அங்கேதான். ஒருமுறை தோண்டிக் கட்டிவிட்டால் திருத்தவும் முடியாது.

ஒரு சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் 800 சதுர அடி என்பது சுமார் 74 சதுர மீட்டர். தரை உறிஞ்சுவது, சிதறுவது, ஆவியாவது எல்லாம் கழித்து நூற்றுக்கு எண்பது கைக்கு வரும் என்று வைத்தால், 1 மி.மீ. மழைக்கு 60 லிட்டர். இந்த 60 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தக் கணக்கும் நீங்களே போடலாம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று பெரியவர்கள் சொல்வது உங்கள் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். அந்தப் பருவத்தில் 500 மி.மீ. பெய்தால் உங்கள் மாடியிலிருந்து மட்டும் 30,000 லிட்டர். கொத்தனார் மனதில் இருப்பது இந்தக் கணக்குதான்: இவ்வளவு வருகிறதே, விடலாமா என்கிறார்.

நான் கணக்கை மறுமுனையிலிருந்து போடுவேன். எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல் எவ்வளவு குடிப்பீர்கள் என்று பாருங்கள். குடிக்கவும் சோறு, குழம்பு, டீக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். நாலு பேருக்கு 20 லிட்டர். நீங்கள் வாங்கும் ஒரு கேனும் அதுதான். பிப்ரவரி தொடங்கி செப்டம்பர் கடைசி வரை மழையை நம்ப முடியாத நாட்கள் 242. இருபதால் பெருக்கினால் 4,840 லிட்டர். அடியில் தங்கும் கசடுக்கும், கணவர் ஊருக்கு வரும் மாதத்துக்கும், விருந்தாளிக்கும் சேர்த்து 6,000 லிட்டர் என்று வையுங்கள். போதும்.

20,000 லிட்டரைக் குடிக்க மட்டும் வைத்தால் அது 1,000 நாளைக்கு வரும். மூன்று வருஷத்துத் தண்ணீரைச் சேர்த்து வைப்பதில் என்ன பயன்? சரி, குளிக்கவும் துவைக்கவும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், ஆளுக்கு 100 லிட்டர் வீதம் 50 நாளில் தொட்டி காலி. பங்குனி பாதிக்குள் மறுபடியும் போர்த் தண்ணீர்தான். ஆக அந்தத் தொட்டி வாய்க்குப் பெரிது, உடம்புக்குச் சிறிது. குளிப்பதும் துவைப்பதும் போர்த் தண்ணீரிலேயே நடக்கட்டும். மழைத் தொட்டியை வாய்க்கு மட்டும் என்று ஒதுக்குங்கள்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 6,000 லிட்டர் நிரம்ப உங்கள் மாடிக்கு வேண்டியது 100 மி.மீ. மழை. 2016-ஐ நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அப்படிப் பொய்த்தது அபூர்வம். வழக்கமாக மாநிலச் சராசரி 440 மி.மீ.; அந்த வருஷம் 168 மி.மீ. அந்த 168 உங்கள் மாடியில் விழுந்தால்கூட இந்தத் தொட்டி நிரம்பி வழியும். சாதாரண வருஷத்தில் ஐந்து மழையில் ஒன்றைப் பிடித்தால் போதும். நாலை விட்டுவிடலாம். அப்படியென்றால் எந்த மழையைப் பிடிப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. குடிக்கிற மழைநீரின் தரம் முக்கால்வாசி இந்தத் தேர்வில்தான் இருக்கிறது, வடிகட்டியில் இல்லை.

தரைக்குக் கீழே கட்டுவதை ஏன் மறுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், உங்கள் ஊரைப் போன்ற ஒரு கடலோர ஊரில், ஒரு வீட்டுக்கு நிலத்தடித் தொட்டி கட்டினேன். நல்ல கம்பி, நல்ல பூச்சு, நானே நின்று பார்த்த வேலை. முதல் வருஷம் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. இரண்டாம் வருஷம் சித்திரையில் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியபோது அந்த வீட்டு அம்மா போன் செய்து, தண்ணீர் கரிக்கிறது என்றார். போய்ப் பார்த்தால், அடித்தளமும் சுவரும் சேரும் மூலையில் முடி அளவுக்கு ஒரு விரிசல். தொட்டி நிறைந்திருக்கும்போது உள்ளிருந்து வெளியே அழுத்தம், ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் இறங்கியதும் வெளியே மண்ணில் நிற்கும் உப்பு ஊற்று அதே விரிசல் வழியாக உள்ளே வர ஆரம்பித்திருக்கிறது. தண்ணீர் மிக அவசியமான மாதத்தில்தான் அது கெட்டது. அந்த அம்மாவிடம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்ற அந்த மத்தியானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு, ஊற்று மேலே நிற்கும் உப்பு நிலத்தில் குடிநீருக்கு நான் நிலத்தடித் தொட்டி போட்டதே இல்லை. உப்புத்தண்ணீர் கம்பியைத் தின்னும், விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதுவும் கசியும். தரைக்கு மேலே இருக்கும் தொட்டி கசிந்தால் சுவர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே தரைமேல் இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றும் 3,000 லிட்டர். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி எளிது. கம்பிவலை வைத்துக் கட்டும் பெரோசிமெண்ட் தொட்டியைப் பழகிய கொத்தனார் கிடைத்தால் அதுவும் நன்றாக நிற்கும். புதிதில் சிமெண்ட் காரம் போகும்வரை இரண்டு மூன்று முறை நிரப்பிக் கொட்டிவிட வேண்டும். ஒரே 6,000 லிட்டர் தொட்டி விலை குறைவுதானே என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். எலியோ பல்லியோ விழுந்து ஒன்று கெட்டால் மற்றது உங்களைக் காப்பாற்றும். ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் இருக்கும். இன்னொன்றும் உண்டு: ஐப்பசிக் கடைசியில் பிடித்ததை முதல் தொட்டியிலும், மாடி நன்றாகக் கழுவப்பட்டபின் கார்த்திகையில் பிடித்ததை இரண்டாவதிலும் வைத்தால், முதலாவதை வைகாசி வரை எடுத்துவிட்டு, சுத்தமானதைத் திறக்காமல் ஆனி ஆடி வெயிலுக்கு வைத்திருக்கலாம்.

விலை கட்டுமா என்று பார்க்க உங்கள் கேன் கணக்கே போதும். 242 நாள், 35 ரூபாய்: வருஷத்துக்கு 8,470 ரூபாய். தொட்டி, மேடை, குழாய் எல்லாம் சேர்த்துக் கடைக்காரரும் பிளம்பரும் சொல்லும் தொகையை 8,470-ஆல் வகுத்துப் பாருங்கள். எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று தெரியும். 20,000 லிட்டர் தொட்டிக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் மிச்சப்படுத்துவது அதே கேன்களைத்தான்.

3,000 லிட்டர் என்றால் 3 டன் எடை. சன்ஷேடு மேலோ மாடி மேலோ ஏற்ற நினைக்காதீர்கள். வீட்டின் வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ, மதிய வெயில் படாத சுவரை ஒட்டி, கெட்டியான மேடை போட்டு வையுங்கள். மேடை 2 அடி உயரம் இருந்தால் குழாயடியில் குடம் நிற்கும். 3,000 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 6 அடி உயரம் வரும். மேடையோடு சேர்த்து 8 அடி. உங்கள் மாடித் தளம் 10 அடியில் இருந்தால் நடுவில் குழாய் திருப்ப 2 அடி கிடைக்கிறது. வாங்கும் முன் தொட்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 7 அடித் தொட்டியை வாங்கி வந்துவிட்டு, மேடையை இடித்தவர்கள் உண்டு.

இனி மாடி. உங்கள் கேள்வியில் மாடியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் நீங்கள் குடிக்கப்போவது மாடியைக் கழுவிய தண்ணீரைத்தான். கடலோர வீடு என்பதால் கேட்கிறேன்: மாடியில் கருவாடு காயப்போடுகிறீர்களா? மிளகாய்? உங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய் மாசி, பங்குனியில் எத்தனை மாடிகளில் சிவப்பாகக் காய்வதைப் பார்த்திருக்கிறேன்! காயப்போடுவதில் தவறே இல்லை. ஆவணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புரட்டாசியில் மாடியைத் துடைப்பம் போட்டுப் பெருக்கி, தேங்காய்நார் வைத்துத் தேய்த்துக் கழுவி விடுங்கள். சோப்புத் தூள், ஆசிட் வேண்டாம். தண்ணீர் வெளியேறும் வாய் பக்கம் வாட்டம் சரியாக இருக்கிறதா, எங்காவது தேங்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். மாடிக்கு மேலே வேப்பங்கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் வெட்டுங்கள். இலையும் காக்கை எச்சமும் அதிலிருந்துதான் விழும்.

பல வீடுகளில் நான் பார்த்த ஒரு சங்கதியைக் கட்டாயம் கவனியுங்கள். மாடிமேல் போர்த் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அது நிரம்பி வழியும் குழாயை மாடியிலேயே விட்டிருப்பார்கள். மோட்டாரை நிறுத்த மறந்த ஒரு நாள், உப்புத்தண்ணீர் மாடியில் ஓடி, அதே மழைக்குழாய் வழியாக நீங்கள் பொத்திப் பொத்திச் சேர்த்த நல்ல தண்ணீரில் கலந்துவிடும். அந்த வழிவுக் குழாயைத் தனியாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஐம்பது ரூபாய் குழாய் வேலைக்குச் சோம்பி ஒரு வருஷத் தண்ணீரை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மாடிக்குப் புதிதாக வெள்ளைப் பூச்சோ நீர்க்கசிவுப் பூச்சோ அடித்திருந்தால் அந்தப் பருவம் குடிக்கப் பிடிக்காதீர்கள். தார் கலந்த பூச்சாக இருந்தால் அந்த மாடித் தண்ணீர் குடிக்கவே வேண்டாம்.

அடுத்து, மழையைத் தேர்ந்தெடுக்கும் வழி. மாதக்கணக்கில் வெயில் காய்ந்த கடலோர மாடியில் தூசி மட்டும் இருக்காது, கடற்காற்று கொண்டுவந்து படியவிட்ட உப்பும் இருக்கும். முதல் மழை உப்புக் கரிப்பதைப் பார்த்து, "எங்கள் ஊரில் மழையே உப்புதான்" என்று சொல்பவர்கள் உண்டு. மழையில் உப்பு இல்லை, மாடியில்தான் இருக்கிறது. அதனால் பருவத்தின் முதல் இரண்டு நல்ல மழைகளை முழுதாக விட்டுவிடுங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து, பதினைந்து நிமிடத்தை விடுங்கள்.

இதற்கு உருண்டைப் பந்து வைத்த தானியங்கிக் குழாய் எல்லாம் விற்கிறார்கள். கெட்டது என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கிறார். அதனால் அதைவிட எளிதான ஒன்றைச் சொல்கிறேன். மாடியிலிருந்து இறங்கும் 4 அங்குலக் குழாயை அப்படியே நேராகக் கீழே விடுங்கள். அதன் கீழ்முனையைக் குறுக்கி, இடுப்பு உயரத்தில் 2 அங்குல பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது) ஒன்று வையுங்கள். மேலே, தொட்டி வாய்க்குச் சற்று உயரத்தில், ஒரு டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டு அதன் கிளையைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். கிளை கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்பிப் பிறகு தொட்டிக்கு இறங்கட்டும். அப்போதுதான் சிதறல் உள்ளே போகாது. மாடியில் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் வாயில் சல்லடை வையுங்கள்; இலை தழை அங்கேயே நின்றுவிடும்.

வால்வு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். திறந்திருக்கும்வரை மழை முழுவதும் கீழே போய்விடும். தண்ணீர் தெளிந்தபின் வால்வை மூடினால், குழாய் அடியிலிருந்து நிரம்பி, டீ வரை ஏறி, தொட்டிக்குத் திரும்பும். குழாயில் நிற்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீரில் மிச்சக் கசடும் தங்கிவிடும். மழை விட்டதும் திறந்து விடுங்கள். இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம், மறந்தால் என்ன ஆகும் என்பதுதான். நடுராத்திரி மழை, யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் தண்ணீர் வெளியே போகும். தொட்டி கெடாது. நாளை இன்னொரு மழை வரும். நாம்தான் ஐந்தில் ஒன்றைப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறோமே. மாடியில் இரண்டு வெளிவாய் இருந்து ஒன்றை மட்டும் இணைக்க முடிந்தாலும் கவலையில்லை: பாதி மாடி, 1 மி.மீ.க்கு 30 லிட்டர், 200 மி.மீ. பிடிக்க வேண்டும். சாதாரண வருஷத்தில் அதுவும் நடக்கும்.

வடிகட்டிக்காரர் விஷயம். டிரம்மில் ஜல்லி, கரி, மணல் அடுக்கித் தருவதும், அதையே அழகான உறைக்குள் வைத்து விற்பதும் அடிப்படையில் ஒன்றுதான். மணிக்கு 30 மி.மீ. வேகத்தில் அடிக்கும் மழையில் உங்கள் மாடியிலிருந்து மணிக்குச் சுமார் 1,800 லிட்டர் இறங்கும். 200 லிட்டர் டிரம்மில் இருக்கும் நைஸ் மணல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒன்று வழிந்து வீணாகும். அல்லது மணலில் ஓட்டை விழுந்து, வடிகட்டாத தண்ணீரே உள்ளே போகும். அதைவிடப் பெரிய சிக்கல் மழை நின்றபிறகு. எட்டு, ஒன்பது மாதம் ஈரமும் மக்கிய இலையுமாகக் கிடக்கும் மணலும் கரியும் அழுக்கைத் தடுப்பதை விட்டுவிட்டு அழுக்கை வளர்க்கத் தொடங்கிவிடும். வருஷா வருஷம் எல்லாவற்றையும் வெளியே கொட்டி, அலசி, வெயிலில் காயவைத்து மறுபடி அடுக்கத் தயார் என்றால் வையுங்கள். நான் பார்த்தவரை இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு யாரும் செய்வதில்லை. சுத்தமான மாடி, நல்ல சல்லடை, பொறுமையாக மூடும் வால்வு, தொட்டியில் அசையாமல் தெளியும் நேரம், இந்த நாலும் இருந்தால் வடிகட்டிக்குச் செய்ய அதிக வேலை இருக்காது.

தெளிய விடுவதற்கும் ஒரு உபாயம் உண்டு. தொட்டிக்குள் வரும் குழாயை மேலேயே விடாமல் அடிவரை இறக்கி, முனையை மேல்நோக்கித் திருப்பி விடச் சொல்லுங்கள். தண்ணீர் கொட்டிக் கலக்காமல் மெதுவாகப் பொங்கி ஏறும். தண்ணீர் பிடிக்கும் குழாயை அடியிலிருந்து 2 அங்குலம் மேலே வையுங்கள். அடியோடு ஒட்டிக் கழுவி விடும் வழி ஒன்று தனியாக இருக்கட்டும்.

இப்போது மாமியார் சொன்ன புழு. அவர் பார்த்தது உண்மை. அந்தப் புழு கொசுவின் குஞ்சு. டெங்குக் கொசு நல்ல தண்ணீரைத் தேடித்தான் முட்டையிடும். இரண்டு நாளில் பொரிந்து நாலாம் நாள் நெளிவது கண்ணுக்குத் தெரியும். திறந்த அண்டாவில் நாலு நாளில் புழு என்று அவர் சொன்ன கணக்கு அவ்வளவு துல்லியம். ஆனால் புழு தண்ணீருக்குள் தானாகப் பிறப்பதில்லை, வெளியிலிருந்து கொசு வந்தால்தான் உண்டு. தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். வழியும் குழாயின் வாய், காற்றுப் போக்கி, இரண்டுக்கும் கொசு நுழையாத நைலான் வலை. இரும்பு வலை வேண்டாம், உங்கள் ஊர்க் காற்றில் ஒரு வருஷம்கூட நிற்காது. மழை விட்டபின் தொட்டிக்குப் போகும் கிளைக் குழாயின் வாயிலும் துணி கட்டிவிடுங்கள். கொசுவும் வெளிச்சமும் போகாத தொட்டியில் புழுவும் வராது, பாசியும் வராது. வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம் என்று நான் சொல்வது பாசிக்காகத்தான். சொம்பு விட்டு மொள்ளும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. குழாயில் பிடித்ததுதான் தண்ணீர்.

தொட்டி நிரம்பி மூடும்போது 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம், 3,000 லிட்டருக்கு 7.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். உடைத்துப் பல மாதம் ஆன பொட்டலமாக இருந்தால் அதில் வீரியம் இருக்காது. மறுநாளிலிருந்து எடுக்கலாம். பிள்ளைகளும் வயதானவரும் இருக்கும் வீடு என்பதால், இதற்குப் பிறகும் குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். தேற்றாங்கொட்டையும் வெட்டிவேரும் போடுவது உங்கள் விருப்பம். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், வெட்டிவேர் மணக்கும். இரண்டும் கிருமியைக் கொல்லாது.

சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால், கிருமிச் சோதனைக்கு ஒரு சின்னக் குப்பி கிடைக்கும். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் மறுபடி பிளீச்சிங் போட்டுச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்திலும் கொடுத்துப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் கவலை, சத்து. மழைநீரில் தாது உப்பு மிகக் குறைவு என்பது சரி. ஆனால் நீங்கள் 35 ரூபாய் கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரும் ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பைப் பிழிந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அதிலும் சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து நமக்குப் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்து வருகிறது. ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகில் இன்னும் அதிகம். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி உங்கள் ஊரில் கிடைக்காததா? மழைத்தண்ணீர் குடித்ததால் மூட்டு தேய்ந்தது என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. முதல் வாரம் சப்பென்று இருக்கும். உப்புக்குப் பழகிய நாக்குக்கு அது குறையாகத் தெரியும். மழைத்தண்ணீரில் பருப்பு வெந்து மலர்வதையும் டீயின் நிறத்தையும் பார்த்தால் அந்த அக்காவே ஒரு குடம் கேட்பார். ஒரு எச்சரிக்கை மட்டும்: உப்பில்லாத இந்தத் தண்ணீர் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். குழாய், இணைப்பு எல்லாம் பிளாஸ்டிக்கிலோ எவர்சில்வரிலோ இருக்கட்டும்.

மிச்சம் 24,000 லிட்டர் வெளியே போகிறதே என்று உங்களுக்கு மனம் பதைக்கலாம். அது வீணாகப் போகவில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது. உங்கள் வீட்டிலும் வாசல் பக்கம் கூழாங்கல் போட்ட குழி ஒன்று மண்மூடிக் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் கல்லை வெளியே எடுத்துக் கழுவி, சேற்றை வாரிவிட்டு மறுபடி போடுங்கள். தொட்டியின் வழிவும் வால்வு வழியாகப் போகும் தண்ணீரும் அங்கே இறங்கட்டும். போர்க் குழாய்க்குள் நேராக மட்டும் விடாதீர்கள்; மாடி அழுக்கு நேரே ஊற்றுக்குப் போய்விடும். செப்டிக் டேங்கிலிருந்து குழி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கடலோர மணலில் இப்படி இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேலே ஒரு படலமாக மிதந்து நிற்கும். தனுஷ்கோடி மணலில் இரண்டு கை ஆழம் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் குடிநீர். எல்லாம் மணலில் இறங்கிய மழைதான். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்புநீரைத் தள்ளி வைக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதே கணக்கில், மேலே ஒரு அடியை மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். உங்கள் ஒரு வீட்டுக் குழியால் போர்த் தண்ணீர் இனித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தெருவில் பத்து வீடு செய்தால் சில வருஷத்தில் கரிப்பு குறைவதை நாக்கிலேயே உணரலாம்.

எப்போது வால்வை மூடுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதை மாமியாரிடம் விட்டுவிடுங்கள். மழை பிடித்துப் பத்து நிமிடம் ஆனதும், ஒரு வெள்ளைக் கிண்ணத்தை வால்வு வாயில் பிடித்து, இறவாணத்தடியில் வைத்து நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு துகள்கூட நிற்கக் கூடாது. பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பச் சொல்லுங்கள். கரிப்பு தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்கட்டும். அண்டாவில் மழைத்தண்ணீர் பிடித்து வாழ்ந்தவருக்கு அந்த ருசி நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.